ஒரு நாள் சென்னைச் சுற்றுலா: சேலம் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், சுற்றுலாப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நம் மாவட்டத்தில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி, ஏற்காடு என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் ஒரு நாள் சுற்றுலா என்றால் பெரும்பாலும் சென்னைதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் நமக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம். பத்தாம் வகுப்பு வரை வந்தும் கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம். அவர்களில் பலருக்குப் பள்ளிச் சுற்றுலாவை விட்டால் வேறு வாய்ப்பு பல ஆண்டுகளுக்குக் கிடைக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளைத் திட்டமிடும் பொறுப்பு உங்கள் கையில் இருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன். ஏற்காட்டில் புவியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நான் கேட்பது இவ்வளவுதான்: சென்னையில் பத்து இடங்களைக் காட்டும் முறையைக் கைவிட்டு, கடல், எழும்பூர் அருங்காட்சியகம், பரங்கிமலை ஆகிய மூன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பேருந்தை விட்டுவிட்டு ரயிலில் அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, சென்ற ஆண்டு சுற்றுலா முடிந்து வந்ததும் தன் குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இடத்தின் பெயரும், போய்ச் சேர்ந்த நேரமும், கிளம்பிய நேரமும் வரிசையாக எழுதியிருந்தாள். ஆசிரியர் அப்படித்தான் எழுதச் சொன்னாராம். உயிரியல் பூங்கா, பாம்புப் பண்ணை, கோளரங்கம், தலைவர்களின் நினைவிடங்கள், ஒரு மால் என்று பக்கம் நிரம்பியிருந்தது. கடைசி வரி ‘மெரினா, 6.40 – 7.15’. கடல் எப்படியம்மா இருந்தது என்று கேட்டேன். “இருட்டிடுச்சு தாத்தா, சத்தம் மட்டும் கேட்டுச்சு” என்றாள். அந்தப் பதிலை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கடலுக்காகவே நாட்களை எண்ணிக்கொண்டிருந்த குழந்தைக்குக் கடல் கடைசியாக, விளக்கு வைத்த பிறகு, விசில் ஊதிக் கணக்கெடுக்கும் அவசரத்தில் காட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு பள்ளிக்கு நேர்ந்தது வேறு விதம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறியிருக்கிறார்கள். வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இவை தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லி ஒதுங்குவது நியாயம் ஆகாது. இடங்கள் குறைந்தால் ‘இதற்கா இவ்வளவு பணம்’ என்று பெற்றோர் கேட்பார்களோ என்ற தயக்கமும், பக்கத்துப் பள்ளியின் பட்டியலைவிட நம் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்ற போட்டியும் சேர்ந்துதான் இந்த வழக்கத்தை வளர்த்திருக்கின்றன.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து சென்னை சாலை வழியே 340 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பும் சுற்றுலாப் பேருந்தை விடியும் வரை ஓட்டுகிறவரே, பகல் முழுவதும் நகர நெரிசலில் ஓட்டிவிட்டு, மறு இரவும் திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுநரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நாற்பது, ஐம்பது பிள்ளைகளின் உயிரை உறக்கம் கலையாத ஒரு மனிதரின் கண்ணிமையில் வைத்துவிட்டு நாம் பின்னிருக்கையில் தூங்குவது எந்த வகையிலும் சரியில்லை. நமக்கோ சென்னைக்கு இரவு ரயில்கள் இருக்கின்றன. ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் சென்ட்ரல் போகும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் உண்டு. சேலத்திலேயே புறப்பட்டு விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் வண்டியும் உண்டு. இரண்டும் விடிவதற்கு முன் சென்னை சேர்த்துவிடும்; அன்றிரவே திரும்பவும் வண்டி உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விச் சுற்றுலாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகையை ரயில்வே வைத்திருக்கிறது. அதற்கான கடிதத்தோடு போக வேண்டிய கோட்ட அலுவலகம் 2007 முதல் சேலத்திலேயே இருக்கிறது. கூட்டமாக முன்பதிவு செய்வதற்கு ஓரிரு மாதம் முன்னதாகவே முயல வேண்டும் என்பதால், சுற்றுலாத் தேதியைப் பள்ளி திறந்த பிறகு முடிவு செய்யாமல் அக்டோபரிலேயே முடிவு செய்வது நல்லது.

அதிகாலையில் எழும்பூரில் இறங்கியதும் முதலில் கடலுக்குப் போங்கள். புறநகர் ரயிலில் பூங்கா நிலையம் வரை போய், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்தே கடற்கரையை அடையலாம். ஜனவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும். மலைக்குப் பின்னாலிருந்து எழும் சூரியனை மட்டுமே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், நீருக்குள்ளிருந்து அது எழுவதை ஒருமுறையாவது முழுதாகப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்கச் சொன்னால் போதும்.

வெளிச்சம் வந்த பிறகு சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பக்கத்தில் நொச்சிக்குப்பம். விடியற்காலையில் கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் திரும்பி வரும். படகு மணலைத் தொட்டதும் ஆட்கள் தோள் கொடுத்து ஏற்றுவதையும், வலையைப் பிரித்து உட்கார்ந்து கண்ணி கண்ணியாக மீனை எடுப்பதையும், சிக்கிய நண்டின் காலை வலை அறுந்துவிடாமல் விடுவிக்க ஒருவர் எவ்வளவு பொறுமையாக விரலை ஓட்டுகிறார் என்பதையும் பிள்ளைகள் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்று, “அண்ணா, இது என்ன மீன்?” என்று மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லாதவர்கள் அங்கே குறைவு. சந்தையில் ஐஸ் பெட்டியில் மட்டுமே கடல் மீனைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் எந்தப் பாடமும் தராததைத் தரும்.

அடுத்து மணலைக் காட்டுங்கள். முன்பெல்லாம் மெரினா இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். அந்தச் சுவர் மணலை மறித்தது. மேட்டூர் அணையின் இந்தப் பக்கம் நீர் தேங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு, துறைமுகச் சுவரின் தெற்கே மணல் தேங்கியதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். தெற்கே கரை அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே, ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை, கடல் ஊருக்குள் புகுந்தது. அங்கே வீடுகளைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஒரே சுவர் ஓர் ஊருக்கு உலாவ மணற்பரப்பையும், பக்கத்து ஊருக்கு இழப்பையும் கொடுத்தது என்பதை மெரினா மணலில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அது எந்த வகுப்பிலும் மறக்காது. கரையோரமாக ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் நடைபாதை அமைத்தது, 1923-இல் சிங்காரவேலர் இதே கடற்கரையில் மே நாள் கொண்டாடியது, 1959-இல் எழுந்த உழைப்பாளர் சிலை, 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது என்று இன்னும் பல உண்டு. வயதுக்கு ஏற்றபடி ஒன்றிரண்டைத் தேர்ந்துகொண்டால் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மெரினாவில் யாரையும் குளிக்க விடாதீர்கள். பார்ப்பதற்குத் தட்டையாகத் தெரியும் அந்தக் கரை நீருக்குள் சட்டென்று சரிகிறது. அலை வரும் வேகத்தைவிடத் திரும்பும் இழுப்பு பொல்லாதது. வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மாணவர்கள் அங்கே மூழ்கிய செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தத் தெரிந்த பிள்ளைகள்தான் துணிச்சலாக உள்ளே போய்விடுகிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் கணுக்கால் அளவு நீரில் முதலில் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்கட்டும். ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்துப் பேராக, அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும் இடம் வரை மட்டும் வரட்டும். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு ஓடுவதை உணரவும், விரலை நனைத்து நாக்கில் வைத்து உப்பைத் தெரிந்துகொள்ளவும் அவ்வளவு ஆழம் தாராளம். மூன்று மணி நேரமாவது அங்கே இருங்கள்.

காலை உணவு முடிந்து ஒன்பதரை மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும்போது வாசலில் இருக்கலாம். 1851-இல் தொடங்கிய நிறுவனம் அது. பல கட்டடங்கள் கொண்ட அந்த வளாகத்தை முழுவதும் பார்க்க முயல்வது பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வதற்கான வழி. செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரின் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். சிவதாபுரத்திலும் பள்ளப்பட்டியிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குள் வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். உலோகம் உருகி அச்சில் ஓடுவதை அவர்கள் வீட்டிலேயே பார்த்தவர்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையை அவர்களையே மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை அன்று முன்னால் வந்து பேசும். அமராவதிச் சிற்பங்களும் திமிங்கலத்தின் எலும்புக்கூடும் பிள்ளைகளைத் தாமே இழுத்துக்கொள்ளும்; அதற்கு நாம் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

நான் அருங்காட்சியகத்தை வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் அங்கே இருக்கும் கற்கள். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் நினைவிடம் இருக்கிறது. மலைக்கு வரும் கூட்டம் ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது; நம் பிள்ளைகளுக்கும் அவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர் 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்த நாட்டில் அவ்வளவு பழைய காலத்தில் மனிதர் வாழ்ந்தனர் என்பதை அந்தக் கல்தான் உறுதிப்படுத்தியது. சில மாதங்களில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் அவர் குழுவினர் அதே வகைக் கருவிகளைக் கண்டனர். அந்த இடத்தில் பிற்காலத்தில் அகழாய்வு செய்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும், அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்த ஃபூட், வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது. சேர்வராயன் மலையில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளும் அந்தத் தொகுப்பில் சேர்ந்தவை. நம் மலையில் என்றோ ஒருவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கோடரி எழும்பூரில் இருக்கிறது என்று தெரிந்து போகும் பிள்ளைக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ கல் என்று கடந்து போகும் பிள்ளைக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பிற்பகலில் எழும்பூரிலேயே மெட்ரோ ஏறினால் மாறாமல் பரங்கிமலை போய்விடலாம். பூமிக்கடியில் ஓடத் தொடங்கும் ரயில் வழியில் மேலே ஏறி வானத்தில் ஓடும். பிள்ளைகளுக்கு அதுவே தனி மகிழ்ச்சி. ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள குன்று அது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் படிகள் ஒரு பொருட்டே இல்லை. மேலே போர்த்துகீசியர் காலத்துத் தேவாலயம் இருக்கிறது. வழிபடுவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளச் சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே காலுக்கடியில் இருக்கும் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் கலந்த கருமையில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் அந்தப் பாறை சார்னோகைட். சேர்வராயன் மலையின் பெரும்பகுதியும் அதே பாறைதான். நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1900-இல் இந்தப் பாறை இனத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் ஆய்வின் மையமாக அமைந்தது இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைதான். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரியும் பாறை அது. ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலிருந்து விரல் அளவு கல் ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று பரங்கிமலைப் பாறையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அங்கிருந்து எதையும் உடைத்து எடுக்காமல் இருப்பதையும் அப்போதே கற்றுக்கொடுத்துவிடலாம்.

குன்றின் மேலிருந்து பார்த்தால் விமானங்கள் கீழே தரையிறங்குவது தெரியும். அதற்குத் தெற்கே தெரியும் குன்றுகளின் அடிவாரம்தான் ஃபூட் கல்லெடுத்த பல்லாவரம். கிழக்கே, காலையில் கால் நனைத்த கடல். இந்த மலையடிவாரத்தில்தான் 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவைதான் இமயம் வரை போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. ஒன்பதாம் வகுப்பு வடிவியலை இந்தக் குன்றின் மேல் வைத்துச் சொல்லிக் கொடுக்கக் கணித ஆசிரியர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கோட்டையையும் உயர் நீதிமன்றத்தையும் விட்டுவிடச் சொல்கிறேனே என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிக்குக் கிண்டியில் நினைவாலயம் இருக்கிறது. அதையாவது சேர்க்கலாமே என்று எனக்கே தோன்றியதுண்டு. இருந்தாலும் ஒரு நாளில் அது அடங்காது. அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு வைத்துக்கொள்ளலாம். கேளிக்கைப் பூங்காவையும் ‘மால்’ என்னும் வணிக வளாகத்தையும் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. அவற்றை விட்டுவிட வேண்டும். சுற்றுலாக் கட்டணத்தில் பெரும்பங்கு அந்த நுழைவுச் சீட்டுக்கே போகிறது. அந்தத் தொகையைக் கட்ட முடியாத பிள்ளை, ‘எங்க பாட்டிக்கு உடம்பு சரியில்ல சார்’ என்று காரணம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறது. மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் இப்படி நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது அந்தந்த வகுப்பாசிரியருக்குத் தெரியும். ரயில் சலுகையும், கட்டணம் குறைந்த இந்த மூன்று இடங்களும் சேர்ந்தால் யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை வராது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். சுற்றுலா அன்று கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாத பயத்தில் காலையிலிருந்து இரவு வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாளாக இருந்துவிட்டால் அவர்கள் படும் பாடு சொல்லும் தரமன்று. எந்த நேரத்தில் எங்கே கழிப்பறைக்குப் போகப் போகிறோம் என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ரயில் நிலையக் காத்திருப்பு அறை, அருங்காட்சியகம், மெட்ரோ நிலையங்கள் என்று இந்தத் திட்டத்தில் கழிப்பறைகள் வழி நெடுக உண்டு. ஆசிரியைகள் கூடுதல் நாப்கினும் மாற்றுடையும் தம் பையில் வைத்திருக்கட்டும். ஆண் பிள்ளைகள் எண்ணிக்கை அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி ஓர் ஆசிரியையை மட்டும் அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

தேதியைத் தேர்வு செய்யும்போது வெள்ளிக்கிழமையையும், மெரினாவில் கால் வைக்க இடமில்லாத காணும் பொங்கலையும் தவிர்த்துவிடுங்கள். திட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, ஏன் மூன்றே இடங்கள் என்பதைப் பெற்றோரிடம் நேரில் விளக்குங்கள். தன் பிள்ளை பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் கடலைப் பார்க்கப் போகிறது என்றால் மறுக்கும் பெற்றோரை நான் கண்டதில்லை. சென்னைக்குப் போவதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்து வாருங்கள். ஃபூட்டின் நினைவிடத்தைக் காட்டி, சார்னோகைட் பாறையை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லி, ஆளுக்கொரு கல்லைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். மழை குறைந்து பனி இறங்கும் டிசம்பரில் வந்தால் பிள்ளைகளுக்கு நடப்பதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ஏற்காடு.